மீட்டருக்கு முப்பத்தைந்து சென்ட்

தார்த்து நகரில் ஒரு பேட்டைக்குச் சூப்பூர் என்று பேர்.
தெருவெல்லாம் காய்கறி:
பட்டாணி, அவரை, முலாம்பழம்.
உருளைக்கிழங்குத் தெருவில் மரவீடு வாங்கி
ஒன்பது வாரமாகச்
சுவரைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள்
வைகேயும் கவ்போவும்.

கம்பியில்லா இணையம் சமையலறையோடு நின்றுவிடுகிறது.
நடுவீட்டில் செங்கல் கணப்பு,
படுத்த யானை மாதிரி.

நூற்றெண்பது மீட்டர் கேபிள் வேண்டும்.
பதினான்கு துளை.

கவ்போ பால் கூட்டுறவில் கணக்கெழுதுகிறவன்.
மின்கட்டண உறையின் பின்பக்கம் எழுதினான்:
ஐந்து-இ, முப்பத்தைந்து சென்ட்; அறுபத்து மூன்று யூரோ.
ஆறு, ஐம்பத்தைந்து; தொண்ணூற்றொன்பது.
ஆறு-ஏ, ஒன்று பத்து; நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
ஏழு என்று போட்டு
பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.
எட்டின் விலையைச் சொல்லும்போது
கடைக்காரப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பதினெட்டு சென்ட்டுக்கும் ஒன்று இருந்தது.
வைகே அதன் முனையை நகத்தால் சுரண்டினாள்.
செம்புக்கு அடியில் வெள்ளை.
அலுமினியத்துக்குப் பூச்சு.
ராத்திரியெல்லாம் எலும்புப் படம் வாசிக்கிறவள்,
தோலைப் பார்த்து ஏமாற மாட்டாள்.

"வீட்டுக்கு வருகிற வேகமே முந்நூறு" என்றான் அவன்.
"ஐந்து-இ ஆயிரம் தாங்கும்.
குடத்துத் தண்ணீருக்கு மதகு கட்டுவார்களா?"

"பத்து வருஷம் கழித்து?"

"பத்து வருஷம் கழித்து
யார் எங்கே இருப்போமோ."

அவள் கம்பளிக் காலுறையை மாட்டிக்கொண்டு
மாடிக்குப் போய்விட்டாள்.

மூன்று நாள்
ஒரே வீட்டுக்குள் குறுஞ்செய்தி.
சூப் ஆறுகிறது என்று அவன் அனுப்பியது
கணப்பைச் சுற்றிக்கொண்டு
சூப் ஆறிய பிறகு போய்ச் சேர்ந்தது.

நான்காம் நாள் வந்தான் மேலிஸ், மின் வேலைக்காரன்.
உறையை வாங்கிப் பார்த்தான்,
திருப்பிக்கூட வைக்கவில்லை, கீழே போட்டான்.
"துளைக்கு நாற்பத்தைந்து. பதினான்குக்கு அறுநூற்று முப்பது.
உள்ளே நூல் போனாலும் அதுதான்,
தங்கம் போனாலும் அதுதான்."

சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம்.
அந்தப் பேட்டையில்
சுண்டைக்காய்க்கு மட்டும் தெரு இல்லை.

பிறகு, தேநீர் வந்ததும் கொஞ்சம் இளகி,
"குழாய் போடுங்கள்" என்றான்.
"இப்போதைக்கு மலிவானதை விடுங்கள்.
கூடவே ஒரு நைலான் நூல், சும்மா கிடக்கட்டும்.
வேறு வேண்டும் என்று தோன்றுகிற அன்று
அதில் கட்டி இழுத்துக்கொள்ளலாம்."

குழாய் எண்பத்தொன்று.
துளை பெரிசாவதால் ஏழேழு யூரோ கூட, தொண்ணூற்றெட்டு.
நூல் நாலு.
கவ்போ கூட்டினான்; மறுபடி கூட்டினான்.
கேபிளோடு இருநூற்று நாற்பத்தாறு.
அவள் கேட்ட ஆறு-ஏயையே வாங்கியிருந்தால்
நாற்பத்தெட்டு யூரோ மிச்சம்.

இருவரும் தோற்பதற்கு
அது நியாயமான விலையாகப் பட்டது.
இருவரும் ஒரே நேரத்தில் "சரி" என்றார்கள்.
மேலிஸ் யார் முகத்தையும் பார்க்காமல்
இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டான்.

பிப்ரவரியில் வேலை நடந்தது.
சுவரிலிருந்து பழைய மரத்தூள் கொட்டிற்று,
இரண்டு வாளி.
மாடியிலிருந்து வைகே கத்தினாள், "வருதா?"
நிலவறையிலிருந்து, "இல்ல."
"இப்ப?"
"வருது, வருது, விடாத."

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி அனுப்பிய படம்,
சறுக்கி விழுந்த ஒருவரின் மணிக்கட்டு,
முன்பு போல் பாதியில் நிற்கவில்லை.
ஆனாலும் வேகம் அதே முந்நூறுதான்.
கவ்போ அதைச் சொல்லிக்காட்டவில்லை.
சொல்ல வாய் திறந்ததை அவள் பார்த்தாள்.

படிக்கட்டுக்கு அடியில்
குழாய் வாயில் ஒரு சாண் தொங்குகிறது
ஆரஞ்சு நூல், நுனியில் முடிச்சோடு.
செருப்பு தேடக் குனிந்தவள்
சும்மா ஒருமுறை இழுத்துவிட்டாள்.

மேலே யார் இருந்தார்களோ,
உடனே
ஒரு இழுப்பு.