கால்வாசி

பாலக்கோடு தக்காளி மண்டியில்
காலை ஆறு மணிக்குப் பூபாலனை உட்கார வைத்தேன்.
வெறும் வயிற்றோடு வரச் சொன்னதற்கு
டீ கூடவா சாப்பாடு என்று கேட்டவர்.
நரம்பு சட்டென்று கிடைத்தது.
ஊசி ஏறும்போது முகத்தைக் கூடைகள் பக்கம் திருப்பி
ஒன்று, இரண்டு என்று எண்ணி
ஏழில் நிறுத்தினார்.

படிவத்தில் பதினோராவது கேள்வி:
தந்தைக்குச் சர்க்கரை உண்டா?
"எங்கப்பாவுக்கா? எழுபத்தெட்டு வயசு.
இன்னமும் வெல்லம் போட்டுத்தான் காப்பி.
எனக்கு மட்டும் எங்கிருந்துங்க வந்துச்சு?
அதைத்தானே கண்டுபிடிக்கறீங்க?"

பக்கத்தில் அழுகல் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் அம்மா
"எல்லாம் இந்த மண்டி டீதான்" என்றார்.
நான் அவரைக் கேட்கவேயில்லை.

பத்தாயிரம் பேர் ரத்தம்.
நோயுள்ளவர் ஒரு பக்கம், இல்லாதவர் மறு பக்கம்.
எந்த எழுத்து எந்தப் பக்கம் கூடுதல் என்று
பெங்களூரில் எண்ணுவார்கள்.
தனி ஆளுக்குப் பதில் கிடையாது.
அதையும் வாசித்துக் காட்டித்தான்
கையெழுத்து வாங்கினேன்.

மறுவாரம் அரூர்.
மடியில் ஐஸ் பெட்டி, மூன்று பஸ்.
தீர்த்தகிரிக்கும் நாற்பத்தொன்றுதான்.
பதினோராவது கேள்விக்கு
"இருந்துச்சு. முதல்ல விரல், அப்புறம் பாதம்,
அப்புறம் முழங்காலுக்குக் கீழ.
தக்காளி லோடு ஓட்டினவரு.
கால் போனதும் லாரியை வித்துட்டோம்."
அவரும் எண்ணினாரா, நினைவில்லை.
இப்போது யோசித்தால்
எண்ணியது மாதிரி இருக்கிறது.
அதை நம்பக் கூடாது.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது:
நானூற்றுப் பதினேழும்
தொள்ளாயிரத்து முப்பத்திரண்டும்
கால்வாசி ஒத்துப்போகின்றன.
மாமன் மருமகனாக இருக்கலாம்.
ஒரு வழிச் சகோதரர்களாக இருக்கலாம்.
உங்கள் பக்கம் மாதிரிகள் கலந்திருக்கலாம்.
சரிபார்க்கவும். உறவினர் சேர்ந்தால் கணக்குச் சாயும்.
ஒருவரை நீக்குவோம்.

சரிபார்க்க மண்டிக்குப் போனேன்.
கிலோ நாலு ரூபாய்க்கு விழுந்திருந்தது.
பூபாலன் கால் கட்டைவிரலில் துணிக்கட்டு.
அம்மா என்னைப் பார்த்தார்.
கையிலிருந்த பழத்தை நல்லதில் போடுவதா
அழுகலில் போடுவதா என்று
கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.
பிறகு, "டீ சாப்பிடறியாம்மா" என்றார்.

"காரணம் தெரிஞ்சுதுங்களா?"
"இன்னும் இல்லைங்க" என்றேன்.
"செருப்பில்லாம நடக்காதீங்க.
ராத்திரி படுக்கும்போது பாதத்துக்கு அடியில
கண்ணாடி வச்சுப் பாருங்க.
இந்தக் கட்டை இன்னைக்கே ஆஸ்பத்திரியில காட்டுங்க."
படிவத்தில் இல்லாத இவ்வளவையும்
ரெண்டு தடவை சொன்னேன்.
அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

தர்மபுரி வருவதற்குள் பதில் அடித்துவிட்டேன்:
மாதிரிகள் சரி. கலப்பு இல்லை.

திருத்திய பட்டியல் இரவே வந்தது.
தொள்ளாயிரத்து முப்பத்திரண்டுக்கு நேரே
நீக்கப்பட்டது.
அடுத்த கட்டத்துக்குத் தலைப்பு, காரணம்.
அதில் ஒரே சொல்:
உறவு.