ஆறாவது சுவை

புதன்கிழமை பின்னேரம், புர்க்டோர்ஃப்.
எமே ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்தில்
வாடகைக்கு எடுத்த அறை.
காலையில் யாரோ விட்டுப்போன பின்னக்கணக்கை
அழிக்காமல், பக்கத்தில் எழுதுகிறேன்:
அறுசுவை.

ஐந்து சுலபம்.
இனிப்புக்கு எவரும் ரீச்சர் கேட்பதில்லை.
புளிப்புக்கு லக்சிகா ஒரு கண்ணை மூடிக் காட்டினாள்.
உறைப்பு வீட்டிலிருந்தே வந்திருந்தது.
கைப்பு இருமல் மருந்து, உவர்ப்பு
பந்து விளையாடிய பிறகு மேலுதடு.
ஆறாவதில் வகுப்பு நின்றது.

புத்தகம் சொல்கிறது: துவர்ப்பு, பாக்கின் சுவை.
"பாக்கு எண்டால்?" என்றான் ஆரூரன்.
"தபால்ல வருமே பெக்லி, அதுவா?"
பதினொரு பிள்ளைகளும் சிரித்தார்கள்.
பதினொன்றில் ஒன்றும் பாக்கைக் கண்டதில்லை.

போன கிழமை பத்துத்தரம் எழுதவைத்தேன்.
எழுத்து அழகானது, சொல் வரவில்லை.
அட்டையில் படம் கீறலாமென்றால்
துவர்ப்புக்கு என்ன நிறம்?

நான் டொய்ச் படித்தது
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்.
சுவரில் ஒட்டி ஒட்டிப் படித்தும்
தங்காமல் போன சொற்களுக்கு நடுவே
'ஹைஸ்' மட்டும் ஒரே நாளில் வந்தது.
துணி அழுத்தும் இயந்திரத்தின் விளிம்பு
சொல்லித்தந்தது. சூடு.
இன்னும் முன்னங்கையில் இருக்கிறது,
பழுப்பாக, இரண்டு விரல் நீளத்துக்கு.
அப்படிப் படிப்பிக்க எனக்கு உரிமையில்லை.
ஆனால் பிள்ளைகளுக்கு நாக்கு இருக்கிறது.

சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் ஒரு மரம்.
மஞ்சள் காய்கள், தோலில் சாம்பல் பஞ்சு.
பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் ஸ்பிண்டன்
முதலில் மறுத்தார்.
பச்சையாய்த் தின்ன ஏலாது, ஜாம் காய்ச்சத்தான்.
"அதனால்தான் கேட்கிறேன்" என்றேன்.
கொஞ்சம் யோசித்து, பையிலிருந்து கத்தி எடுத்தார்.
காய் மரக்கட்டைமாதிரி.
பெருவிரலால் உந்தி உந்திப்
பதின்மூன்று கீற்று வெட்டினார்,
தன்னையும் எண்ணி.

ஒருவரும் கதைக்கக் கூடாது. முதலில் கடியுங்கள்.

முகங்கள்!
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
பல்லுக்கு யாரோ கம்பளி போர்த்தியதுபோல.
துப்பவும் மனமில்லை, விழுங்கவும் வழியில்லை.
அந்த இடுக்கில் வைத்துச் சொன்னேன்:
துவர்ப்பு.
பாதி காய்ந்த வாய்களால் திருப்பிச் சொன்னார்கள்.
ஸ்பிண்டனும் சொன்னார், 'ர்' இல்லாமல்.

"ரீச்சர், இந்தக் காய்க்குத் தமிழில என்ன?"
தெரியாது.
குவிட்டே, என்றார் அவர்.
கொப்பியில் அதை எழுதி, பக்கத்தில்
ஒரு கோடு போட்டு இடம் விட்டேன்.
தமிழ் வந்து உட்காரட்டும்.

கார்த்திகையில் சோதனை.
நான்காம் கேள்வி: துவர்ப்பு, வாக்கியத்தில் அமைக்க.
எனக்குத் தந்த விடைத்தாளில்
'பாக்கு துவர்க்கும்' என்றிருக்கிறது.
எட்டுப் பேர் காயை எழுதினார்கள்.
ஆரூரன், ஸ்பிண்டனின் முகத்தை.
ஒருவன் ஒன்றும் எழுதவில்லை.
நிதுர்சா எழுதியிருந்தாள்:
'நேற்று அம்மாவும் அப்பாவும் சன்டை பிடிக்கவில்லை.
சாப்பாட்டு மேசை துவர்த்தது.'

சண்டையில் ஒரு சுழி குறைவு.
சிவப்புப் பேனையால் அதைத் திருத்தினேன்.
ஐந்துக்கு ஐந்து போட்டேன்.
பிறகு, தாள்களைக் கட்டி லாச்சிக்குள் வைத்தபோது
அதை மட்டும் உள்ளே வைக்க
கை போகவில்லை.