மூன்றாம் நகல்

லாசர் அண்ணன் வீடியோ கொட்டகையில்
தலைக்கு ஒன்றரை ரூபாய். எனக்கு இலவசம்,
இந்தி தெரியும் என்று சொல்லியிருந்ததால்.

தெரியாது.
சவுகார்பேட்டையில் ஆறு மாதம் மூட்டை தூக்கியதில்
எண்கள் தெரியும், ஒரு பத்து கெட்ட வார்த்தை தெரியும்.
பேய்ப் படத்துக்கு அது போதும்.

தகரக் கூரை. மே மாதம். காசிமேட்டுப் புழுக்கம்.
நடுவில் டி.வி., அதன் தலையில் மூடி இல்லாத டெக்,
பக்கத்தில் முக்காலி போட்டு நான்.
அவர்கள் வாய் அசைந்து முடிவதற்குள்
தமிழில் எதையாவது சொல்லிவிட வேண்டும்.
தாமதித்தால் செருப்பு வரும்.

எங்கோ பனி கொட்டும் நாட்டில் எவனோ எடுத்த படம்.
பம்பாயில் ஒரு சேட்டு அதைப் பார்த்துவிட்டு
பதினோரு நாளில், ஒரே பங்களாவில்,
மறுபடி எடுத்திருந்தான்.
கப்பல் சமையல்கட்டில் இருந்த மகிமைதாஸ்
அசலைப் பார்த்தவன். முன்வரிசையிலிருந்து
குறுக்கே குறுக்கே சொல்லுவான்:
“அதுல இந்த எடத்துல ஓநாய் வரும்டா.”
இதில் வந்தது
மூக்கில் மை தடவிய தெருநாய்.
வாலை வேறு ஆட்டியது. யாரோ பிஸ்கட் காட்டியிருக்க வேண்டும்.
சிலுவை இருந்த இடத்தில் சூலம்.
பாதிரி இருந்த இடத்தில் பூசாரி, ஆனால்
மணி மட்டும் மாதா கோயில் மணி.
பனிக்குப் பதில் தலையணைப் பஞ்சு;
கதாநாயகி தும்மியதைக்கூட வெட்டவில்லை,
இன்னொரு தரம் எடுக்க ஃபிலிம் ஏது.

பேய் வரும்.
ராத்திரி, பங்களாக் கதவை இரண்டு கையாலும் தட்டும்.
ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லும்:
தர்வாஜா… என்னமோ… டண்ட்… என்னமோ.
டண்ட் என்றால் தண்டனை, வேறென்ன.
“ஒனக்குத் தண்டன குடுக்காம போவ மாட்டேன்டா” என்றேன்.
கொட்டகையில் ஒருத்தன் மூச்சு விடவில்லை.
மறுநாள் அந்த வரிக்காகவே கூட்டம். ஒன்பது நாள்.
நானும் மெருகேற்றினேன்:
ரத்தத்தை உறிஞ்சுவேன், எலும்பை ஒடிப்பேன்,
உன் வம்சத்தையே,
அவள் வாய் நின்ற பிறகும் நான் பேசிக்கொண்டிருந்தேன்.

ஐஸ் கம்பெனி ஆட்கள் ஷிஃப்ட் முடிந்து வருவார்கள்.
இடுப்பில் ஈரச் சாக்கு, ஊறி வெளுத்த விரல்கள்.
அதில் தேசப்பன் என்பவன்
ஒருநாள் கடைசி வரிசையிலிருந்து கத்தினான்:
“உள்ள வுடுங்கடா அவள. கை வெறச்சிக் கெடக்குது பாரு.”
சிரித்து ஓய ஐந்து நிமிஷம் ஆயிற்று.
லாசர் அண்ணன் படத்தை நிறுத்திவைத்துச் சிரித்தார்.
நிறுத்திய இடத்தில் அவள் கை
கோடு கோடாய் நடுங்கிக்கொண்டே இருந்தது.

இருபது வருஷம் கழித்து, மணலியில்
பீகார்ப் பையன்கள் பன்னிரண்டு பேருக்கு நான் மேஸ்திரி.
மார்கழி விடியல். ராத்திரி வேலை முடிந்த பிரிஜேஷ்
காய்ச்சலோடு ஷெட் தகரத்தைத் தட்டினான்:
“தர்வாஜா கோலோ பையா. டண்ட் லக் ரஹீ ஹை.”

கதவைத் திற. குளிருது.

திறந்தேன். என் போர்வையைக் கொடுத்தேன். டீக்கு ஆள் அனுப்பினேன்.
அப்புறம் தகரக் கதவைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.
ஓநாயை மாற்றியவன், சிலுவையை மாற்றியவன்,
பனியைத் தலையணையிலிருந்து பிய்த்துப் போட்டவன்
அந்த ஒரு வரியை மட்டும் அப்படியே விட்டிருக்கிறான்.
மாற்றியது நான்.

ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டுக்குப் போனேன்.
கொட்டகை இருந்த இடத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை.
ஐஸ் கம்பெனி இருந்தது. தேசப்பனும் இருந்தான்,
தலை நரைத்து, அதே சாக்கு மாதிரி ஒரு சாக்கோடு.
முழுக்கச் சொன்னேன். அவள், கதவு, அந்த வரி.
“எந்தப் படம்?” என்றான்.
கொக்கியில் மாட்டிய பாளம்
சரிவில் இறங்கிக்கொண்டிருந்தது.
“ஓரமா நில்லுண்ணா. கால்ல வுழுந்துரும்.”