நூற்றறுபது

முரசுமோட்டை நெல் களஞ்சியத்தில்
தராசு மேடைக் கணினி
மாசி அறுவடைக்குள் மூன்று தரம் செத்தது.
மூன்றும் இரவில். மூன்றும் லொறி மேலே நிற்கையில்.

"செத்தது எது?" என்றார் முகாமையாளர் கனகேந்திரன்.
கேர்னல் என்றேன்.
"எந்தக் கேணல்?"
வாசலில் அந்தோனிப்பிள்ளையின் ரோச் லைற்
ஒருதரம் அணைந்து எரிந்தது.
பிறகு மூவரும் சிரித்தோம்,
கொஞ்சம் பிந்தி.

விளங்கப்படுத்தினேன்.
விழுகிற கணத்தில் அதற்குத் தன்னைப் பற்றிச் சொல்ல வராது.
அதனால் முன்கூட்டியே ஒரு மூலையை வேலி அடைத்து
அதற்குள் இன்னொன்றைப் படுக்கவைக்கிறோம்.
பெரியது விழுந்தால் சின்னது எழும்பும்,
விழுந்ததின் நினைவகத்தைப் பக்கம் பக்கமாய்ப் புரட்டி
வன்தட்டில் எழுதிவிட்டுத் தானும் போகும்.
நாலு நிமிடம், அதன் ஆயுள்.

முதல் தரம் அறுபத்துநாலு மெகாபைட் கொடுத்திருந்தேன்.
சின்னது எழும்பியது,
இணையக் கம்பியைத் தேடியது, திரையைத் தேடியது,
நாலு செயலிகளையும் பேர் சொல்லிக் கூப்பிட்டது.
வந்தவர்களுக்கெல்லாம் பாய் விரித்ததில்
தனக்கு இடமில்லாமல்
மூச்சு முட்டிப் போய்ச் சேர்ந்தது.
மிஞ்சியது அரைக் கோப்பு.
இறந்தது யார் என்று இருந்தது,
எதனால் என்று இல்லை.

அடுத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
கணினியில் இருப்பதே இரண்டு ஜிபி.
நிறை திரைக்கு வர ஆறு செக்கன், ஒன்பது செக்கன்,
லொறி வரிசை பரந்தன் சந்தியைப் பார்த்து நீண்டது.
வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார் கனகேந்திரன்:
"பிள்ளை, உயிரோட இருக்கிறதுக்கே இடம் காணாது.
சாவுக்கெண்டு கால்வாசியோ?"

பதில் சொல்லவில்லை.
குறைக்க உட்கார்ந்தேன்.

ஒரு செயலி போதும்.
கம்பி வேண்டாம், திரை வேண்டாம்,
அச்சுப்பொறியை எழுப்பாதே.
எல்லாவற்றையும் ஒரேயடியாய்க் கணக்கெடுக்காதே,
சின்னச் சின்னச் சுற்றாய்ப் போ,
ஒரு சுற்றின் பட்டியலை அழித்துவிட்டு அடுத்ததைத் தொடங்கு.
வெறும் சுழியம் கிடக்கும் பக்கத்தை எடுக்காதே.
வன்தட்டில் பிரதி உள்ளதை எடுக்காதே.
பயனர் பக்கங்கள்:
அதற்குள்தான் கமக்காரர் பேர், மூட்டைக் கணக்கு, ஈரப்பதன்,
கடனுக்கு எதிரே ஒரு சிவப்புக் கோடு.
அவற்றையும் எடுக்காதே.
மன்னியுங்கோ,
காரணம் தேடுகிற இடத்தில் உங்களுக்கு இடமில்லை.

கடைசியாய், காலிப் பக்கங்கள்.
எல்லாரும் தள்ளிவிடுவதுதான்.
விரல் நின்றது.
காலி என்று பதிந்ததெல்லாம் காலியல்ல,
இது எனக்கு எந்தப் பாடநெறியிலும் சொல்லித்தந்ததல்ல.
அதை எடு என்று விட்டேன்.
நேரம் கொஞ்சம் கூடும்.
இடம் கூடாது.

நூற்றறுபதில் வந்து நின்றது.

புதன் இரவு இரண்டு நாற்பதுக்கு
விசுவமடு லொறி, ஆட்டக்காரி நெல்,
மேடையில் ஏறிய கையோடு திரை உறைந்தது.
அந்தோனிப்பிள்ளை ரெலிபோன் எடுத்தார்,
"தங்கச்சி, உங்கட சின்னது எழும்பீற்றுது" என்றார்,
பிள்ளை பிறந்ததைச் சொல்வதுபோல.

விடியக் கோப்பைத் திறந்தேன்.
காலி என்று பதிந்திருந்த ஒரு பக்கத்தின் நடுவில்
பதினாலாயிரத்து இருநூற்று அறுபது கிலோ கிடந்தது.
தராசு அட்டையின் இயக்கி
அந்தப் பக்கத்தை விடுவித்ததாய்ப் பதிந்துவிட்டு
வெளியேறாமல்
உள்ளேயே நின்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறது.

கனகேந்திரன் கண்ணாடியைக் கழற்றினார்.
"விடுவிச்சாச்சு எண்டு கடிதம் வந்தது,
போய்ப் பாத்தால் உள்ளுக்கை ஆள் நிக்குது. அப்பிடியோ?"
அப்படித்தான்.
"எங்கட மூண்டு ஏக்கரும் இதே வருத்தம்தான்.
அதுக்கு ஏதும் கோப்பு எடுக்கலாமோ?"

இயக்கியை மாற்றினேன்.
நிறை ஒரு செக்கனில் வந்தது.
"அப்ப அந்த நூற்றறுபதைத் திருப்பித் தாருமன்."
இல்லை ஐயா, அது இருக்கட்டும் என்றேன்.
"ஒண்டும் செய்யாமலோ?"
ஒன்றும் செய்யாமல்.

அவர் பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தார்.
வெளியே லொறிச் சாரதி ஒருவன்
தன் நிறையை இரண்டாம் தரம் வாசிக்கச் சொல்லி
ஜன்னலில் தட்டிக்கொண்டிருந்தான்.