விதிப்படி

ரோனாவுக்கு நாற்பத்தொன்று.
ஒன்பது வருடமாகப் பரீட்சை எழுதுகிறாள்.
எத்தனை பேர் எந்த வயதில் சாவார்கள் என்று
காப்பீட்டுக் கம்பெனிக்குக் கணக்குச் சொல்வது வேலை.
அந்தக் கணக்கு அநேகமாகத் தப்புவதில்லை.
முழு ஆக்சுவரி ஆவது மட்டும்
தப்பிக்கொண்டே இருக்கிறது.

நான் டிராம் ஓட்டுகிறேன்.
கடைசி நடை முடிந்து வந்தால்
சமையலறையில் விளக்கு எரியும்.
சூத்திரம் எழுதிய அட்டைகளை நீட்டுவாள்.
கிரேக்க எழுத்துகளை நான்
வால் முளைத்த கப் என்றும்
கவிழ்ந்த கூடாரம் என்றும் வாசிப்பேன்.
புரிந்துகொண்டு விடை சொல்வாள்.

மே மாதம் கடிதம் வந்தது.
கடலிலிருந்து மூடுபனி ஏறி
எடின்பரோவைப் பாதி தின்றிருந்த நாள்.
'பாடத்திட்டம் புதுப்பிக்கப்படுகிறது' என்று தொடங்கி
பின்னால் ஓர் அட்டவணை:
இடப்பக்கம் பழைய தாள், வலப்பக்கம் அதற்கு ஈடு.
இரண்டு தாள் ஒன்றாகியிருந்தது.
ஒன்று இரண்டாகியிருந்தது.
கணினிக்கு நிரல் எழுதும் தாள் ஒன்று
எங்கிருந்தோ முளைத்திருந்தது.
ஃபெர்கஸை வயிற்றில் சுமந்துகொண்டு,
வாந்தியெடுக்க இரண்டு தரம் எழுந்துபோய்,
அவள் தேறிய தாளுக்கு எதிரே
ஒரு சின்னக் கோடு.

விஷயம் அடிக்குறிப்பில் இருந்தது.
புதிய தாளையும் செப்டம்பரில் முடித்தால் பழையது செல்லும்.
இல்லையென்றால்
அந்தக் காலை நடக்கவே இல்லை.

கழகத்துக்குப் போன் செய்தாள்.
பெயர்ட் என்று ஒருவர், சளி பிடித்த குரல்.
"வருத்தம்தான். ஆனால் விதிப்படி..."
அதற்குமேல் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

படி, படி என்று ஒன்பது வருடம் படித்தவள்.
ஏறிக்கொண்டிருக்கையில்
படியை உருவினால் எங்கே கால் வைப்பாள்?
விதியைத் திருத்துகிறவர்கள்
விதி என்றால் வேறொன்றும் உண்டென்று
யோசிப்பார்களா?

"விட்டுவிடேன்" என்றேன்.
இத்தனை வருடத்தில் நான் நீட்டிய
ஒரே தப்பான அட்டை.

பதில் இல்லை. பென்சிலை எடுத்து
ஓர் ஆயுள் அட்டவணை போட ஆரம்பித்தாள்.
வழக்கம்போல லட்சம் பேரில் அல்ல,
முப்பத்தொன்றில்:
அவளோடு சேர்ந்து முதல் தாள் எழுதியவர்கள்.
இரண்டாம் வருடம் இருபத்தாறு.
நாலாம் வருடம் பதினேழு.
நியால் கணக்கு வாத்தியாராகப் போனான்.
ஆக்னியெஷ்கா ஃபைஃபில் ரொட்டிக்கடை வைத்தாள்,
சனிக்கிழமை கடைக்கு வெளியே வரிசை நிற்கிறதாம்.
ஏழு பேர் தேறி மேல்மாடிக்குப் போய்விட்டார்கள்.

"மற்றவர்கள் செத்த கணக்கா?"
"இல்லை. வெளியேறியவர்கள். அதற்கு வேறு நிரல்."

கடைசி வரியில் எஞ்சியிருப்போர்: இரண்டு.

"இன்னொருவர் யார்?"
"டூகல். பென்ஷன் பிரிவு.
லிஃப்டில் குளிரைப் பற்றிப் பேசியிருக்கிறோம்."

அடுத்த சனிக்கிழமை டூகல் வந்தான்,
ஒரு மடிக்கணினி, ஒரு பொட்டலம் உருளை வறுவலோடு.
அவனுக்கும் நிரல் எழுத வராது.
தெரியாதவர் இருவர் சேர்ந்தால்
சத்தமாவது கூடுகிறது.

ஜூனில் இங்கே பத்தரைக்கும் இருட்டாது.
ஷிஃப்ட் முடிந்து வருகிறேன்,
இரண்டு தலைகள் ஒரு திரைமேல்.
நாற்பது நிமிடமாக ஓட மறுக்கிறதாம்.
புது அட்டை இல்லாததால்
திரையையே என்னிடம் திருப்புகிறாள்.
எனக்குத் தெரிந்தபடி வாசிக்கிறேன்,
அடைப்புக்குறி ஒவ்வொன்றுக்கும்:
கதவு திறக்கிறது. கதவு மூடுகிறது.
கதவு திறக்கிறது. மறுபடி திறக்கிறது.
மூடுகிறது.

"ஒரு கதவு மூடவில்லை" என்கிறேன்.
"இப்படி இருந்தால் வண்டி நகராது."

டூகல் வறுவலைக் கீழே வைக்கிறான்.
ரோனா விரலால் வரிகளை எண்ணிக்கொண்டு
பதினெட்டாவதில் நிற்கிறாள்.