இரண்டு விரல் இடைவெளி

கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வண்டியில் வந்தன,
பஞ்சுமிட்டாய் நிறத்தில் நான்கு ஸ்பிரிங்.
கூடவே நான்கு ஷாக் அப்சார்பர்,
கழுத்து நெடுக மரையோடு:
ஏற்றிக்கொள்ளலாம், இறக்கிக்கொள்ளலாம்.
எவனோ ரேஸ் ஓட்டிவிட்டு விற்றவை.
ஐஸ் பிளான்ட்டில் எனக்கு இரண்டு மாதச் சம்பளம்,
அதுவும் தடைக்காலத்துப் பாதிச் சம்பளம் இல்லை,
முழுசு.

தொண்ணூற்றாறு மாடல் எஸ்டீம்.
பின்னால் மூன்று பேர் ஏறினால்
கழனித்தொட்டி கண்ட எருமைபோலக் குந்திவிடும்.
பாம்பன் பாலத்தில் கச்சான் அடித்தால்
ஸ்டியரிங்கை நான் ஒரு பக்கம் பிடிக்க
காற்று மறுபக்கம் பிடிக்கும்.

தங்கச்சிமடத்தில் படகுகள் கரையேறிக் கிடந்தன.
பிரிட்டோவின் கை சும்மா இருந்தது,
லேலண்ட் எஞ்சினைக் கடல் நடுவே பிரித்த கை.
இதெல்லாம் எதற்கு என்று அவன் கேட்கவில்லை.
ஒரு ஸ்பிரிங்கைத் தரையில் நிறுத்தி
நெஞ்சை வைத்து அமுக்கிப் பார்த்தான்.
அசையவில்லை.
"முரட்டுப் பயலா இருக்கான்" என்றான்
மரியாதையாக.

முதல் போல்ட்டுக்கே அரை நாள்.
இத்தனை வருட உப்புக்காற்று
நட்டையும் போல்ட்டையும் ஒரே உடம்பாக்கியிருந்தது.
டீசல் விட்டோம். தட்டினோம். டீ குடித்தோம்.
ஸ்பேனரில் குழாயைச் சொருகி
அதன்மேல் ஏறி நின்றான்.
படீர்.
கழன்றதா முறிந்ததா என்று
குனிந்து பார்க்க இருவருக்கும் மனசில்லை.

முறிந்திருந்தது.

பழைய ஷாக்கை அமுக்கினேன்.
போனது போனதுதான், திரும்பி வரவில்லை.
கருப்பு எண்ணெய் கொஞ்சம் மணலில் வடிந்தது.
இதன்மேல் உட்கார்ந்துதான்
வண்டி சொகுசு, வண்டி சொகுசு என்று
ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஸ்பிரிங்கை இறுக்கும் கவ்வி இரவல்.
பிரிட்டோ மரையைச் சுற்றச் சுற்ற
வளையங்கள் மூச்சை அடக்கின.
ஜெசிந்தா வெளியே வந்து
ஒன்றும் சொல்லாமல்
அது பார்க்கும் திசையில் நின்ற
மகன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனாள்.

"எவ்வளவு இறக்கணும்?"
"டயருக்கும் மட்கார்டுக்கும் ரெண்டு விரல்."
"யாரு விரலு?"
என்னுடையது பில் எழுதும் விரல்.
அவனுடையது வடம் இழுத்தது.
அவன் இரண்டு, எனக்கு மூன்று.
ஒரு டீக்கு வாதாடி அவன் விரலையே வைத்தோம்.

அந்தியில் பாலம் ஏறினோம்.
கச்சான் பக்கவாட்டில் வந்து மோதியது,
வண்டி கேட்டுக்கொள்ளவே இல்லை.
ஆனால் பாலத்தின் இரும்பு இணைப்பு ஒவ்வொன்றும்
இடுப்பில் வந்து எண்ணிக்கை சொன்னது.
எத்தனை ஆண்டு இதில் போய்வந்தேன்,
இத்தனை இணைப்பு இருந்ததே தெரியாது.
பக்கத்தில் பிரிட்டோ
உட்கார்ந்தபடியே முழங்காலைத் தளர்த்தித் தளர்த்தி
அலை வாங்கிக்கொண்டிருந்தான்.

மண்டபம் இறக்கத்தில் இடது முன்பக்கம்
டொக்.

பானட்டைத் தூக்கி செல்போன் வெளிச்சம் அடித்தோம்.
புது ஷாக் நிமிர்ந்து நின்றது.
அதைத் தாங்கிய பழைய தகரம்
சுற்றிலும் விரிந்திருந்தது.
பிரிட்டோ நகத்தால் சுரண்டினான்,
ஊளி மீன் செதில்போல உதிர்ந்தது துரு.
பழைய ஸ்பிரிங் தளர்ந்திருந்ததனால்தான்
இதுவரை இது நின்றிருக்கிறது.

மூன்று நாள் கழித்து
இழுவலைப் பலகையின் அடியில் தேய்ந்த
இரும்புப் பட்டை ஒன்றை வெட்டி வந்தான்.
கடலின் தரையை உரசிய இரும்பு.
பற்றவைக்கையில் தகரம் இரு இடத்தில் உருகி ஓடியது,
அவன் கெட்ட வார்த்தையும் ஓடியது.
ஷாக்கின் இறுக்கத்தை நாலு சொடுக்கு குறைத்தான்.
இப்போது இணைப்புகள் தட்டுகின்றன,
ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

தடை முடிந்தது.
அவன் கடலுக்குப் போன இரவு
உச்சிப்புளி வேகத்தடையில்
அடிவயிறு கரகரவென்று உரசியது.
இன்னும் ஒரு விரல் ஏற்றணும்.

யாரு விரலு என்பான்.
வரட்டும்.