பை ஒன்று எட்டு டாலர்

கம்பளிக் கொட்டகைக்கு அடியில்
நிமிர இடமில்லை.
மண்டியிட்டு வாருகிறோம்
மூன்று வருடப் புழுக்கையை.
மேலே மரச்சட்ட இடுக்குகளில்
கீற்றுக் கீற்றாய் வெயில்,
வெயிலில் தூசி,
தூசிக்குள் எங்கோ இவோர் டால்சீலின் இருமல்.
மன்றச் செயலாளர். எழுபத்தொரு வயது.
ஒரு முழங்கால் எஃகு.
"இதையும் எவனோ அறுத்துத்தானே வைத்தான்"
தட்டிக் காட்டிவிட்டு
மறுபடி குனிகிறார்.

நெடுஞ்சாலை ஓரம் பலகை நட்டோம்:
ஆட்டெரு. பை எட்டு டாலர்.
காசைப் பெட்டியில் போடவும்.
வருமானம் முழுதும் அறுவை சிகிச்சைக்கு.

வாடகை வேனில் வந்த ஒருவன்
கண்ணாடியை இறக்கிக் கேட்டான்:
"ஆட்டுக்கு என்ன ஆச்சு?"

பெட்டியைத் திறப்பது என் வேலை.
பொருளாளர் நான், நோலீன்;
முப்பது வருடம் வங்கியில்
பிறர் பணத்தை எண்ணியவள்.
நாணயங்கள், ஈரமான நோட்டுகள்,
ஒரு சட்டைப் பொத்தான்,
ஒரு துண்டுச் சீட்டு:
'சில்லறை இல்லை. ரோஜாக்களுக்கு அவசரம். நாளை.'
மறுநாள் பதினாறு டாலர் கிடந்தது.
பொத்தானுக்கு மட்டும்
இதுவரை யாரும் வரவில்லை.

மருத்துவர்களுக்குக் கூலி கிடையாது.
விடுப்பு எடுத்துக்கொண்டு போகிறார்கள்.
நூலுக்குத்தான் காசு,
மயக்க வாயுவுக்கு, ஜெனரேட்டரின் டீசலுக்கு,
பதினொரு பெட்டிகளை வனுவாட்டுவுக்கு ஏற்றுவதற்கு.
உறை ஒன்றின் பின்புறம் வகுத்துப் பார்த்தேன்.
நாற்பத்தொரு பை, ஓர் உதடு.
மலகுலா தீவில் பெயர் கொடுத்திருந்தவை
பத்தொன்பது உதடுகள்.
எழுநூற்று எழுபத்தொன்பது பை.
இவோர் அதைக் கேட்டுவிட்டு
கையுறையை மாட்டிக்கொண்டார்.

ஆகஸ்டில் திரும்பி வந்தாள் மெரேயானா,
எங்கள் ஊர்த் தாதி.
மன்றக் கூடத்தில் வாட்டிய இறைச்சி,
புதினாச் சாறு, மடக்கு நாற்காலிகள்,
வெறும் வெள்ளைத் திரை.
"படம் காட்டப் போவதில்லை.
அம்மாக்களிடம் கேட்டேன்.
வேண்டாம் என்றார்கள்."
பின்வரிசையில் சின்ன முணுமுணுப்பு.
முன்னும் பின்னும் பார்க்கத்தானே வந்திருந்தோம்.

படமில்லாமல் சொன்னாள்.
விழித்ததும் ஒரு பையன்
நாக்கால் துழாவித் துழாவித்
தன் வாயின் புது எல்லையைத் தேடியதை.
கடைசி நாள் ஒருவர்
ஏழு பெருவள்ளிக் கிழங்கு சுமந்து வந்ததை,
ஆளுக்கொன்று.
விருந்தாளி வெறும் வயிற்றோடு
கரை தாண்டக் கூடாதாம்.
அங்கேயே சுட்டுத் தின்றார்களாம்;
இங்கே விமான நிலையத்தில்
மண் ஒட்டிய கிழங்கை விடமாட்டார்கள்.

"பதினெட்டு," என்றாள் பிறகு.

தண்ணீர் குடித்தாள்.

லெய்மாரா. நான்கு மாதம்.
மேசைமேல் கிடத்திய பின் காய்ச்சல்.
மயக்க மருத்துவர் பில்பீம்
அந்தச் சின்ன மார்பில்
வெகுநேரம் காதை வைத்திருந்துவிட்டுத்
தலையசைத்தார்.
இரண்டு நாள் காத்தார்கள்.
காய்ச்சல் இறங்கவில்லை, விமானம் இறங்கிவிட்டது.
தாய் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டு
படகுத்துறைக்கு நடந்தாள்.
மூன்று மணி நேர நடை.
"கோபமாக இருந்தாளா?" என்று யாரோ கேட்டார்கள்.
"எனக்குத் தெரியவில்லை" என்றாள் மெரேயானா.
"திரும்பிப் பார்க்கவில்லை."

இரவு பேரேட்டை விரித்தேன்.
வரவில், எல்லாவற்றுக்கும் கீழே எழுதினேன்:
பெருவள்ளிக் கிழங்கு, ஏழு.
மதிப்பு என்ற கட்டத்தை
அப்படியே விட்டேன்.
அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லும் மீதி:
முந்நூற்று இருபத்தெட்டு டாலர்.
பக்கத்தில் பென்சிலால் அவள் பெயர்.

தணிக்கையாளர் விரல் வைத்துக் கேட்டார்,
இது என்ன செலவு?
இன்னும் ஆகாத செலவு என்றேன்.
அழிக்கச் சொன்னார்.
மையால் எழுதினேன்.

சனிக்கிழமை காலை
கொட்டகைக்கு அடியில் மறுபடியும் நாங்கள்.
இவோர் இம்முறை முகமூடி அணிந்திருந்தார்,
அதற்குள்ளும் இருமினார்.
மேலே கத்தரிப்புக்கு நின்ற மந்தை
குளம்பு மாற்றிக் குளம்பு மாற்றி
இடுக்குகள் வழியே
எங்கள் அடுத்த வருடத்தை
வெதுவெதுப்பாக
உதிர்த்துக்கொண்டிருந்தது.